கண்மாயை அளப்பதற்கு முன் வரத்துக்காலை அளங்கள்

கேள்வி இது. மதுரைக்குக் கிழக்கே ஓர் ஊர்க் கண்மாய். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மூன்று. ஒன்று மேலே இருக்கிற கண்மாய் நிரம்பி வழிகிற மறுகால், இரண்டாவது மானாவாரிக் காட்டு ஓடை, மூன்றாவது புதிதாக முளைத்த வீட்டுமனைகளை ஒட்டி வரும் வாய்க்கால். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில் ஜிலேபிக் கெண்டை கூட்டமாகச் செத்து மிதந்திருக்கிறது. ஊர்ப் பையன்கள் டிடிஎஸ் மீட்டர் வாங்கிக் கண்மாயில் விட்டுப் பார்த்தால் 600 சொச்சம். "குடிதண்ணிக்கே 500 நல்லது, வேற வழியில்லேன்னா 2000 வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க. அப்புறம் மீன் ஏன் செத்துச்சு? நாங்க தொடர்ந்து எதை, எங்க, எப்ப அளக்கணும்?"

மீட்டரில் கோளாறு இல்லை. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்த உப்பின் கணக்கு, அவ்வளவுதான். சாக்கடை கலந்திருக்கிறதா, மீன் மூச்சுவிட ஆக்சிஜன் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு சர்க்கரை இருக்கிறதா என்று தேடுகிற கதை. அதிலும் ஜிலேபி கழிமுகத்து உப்புத் தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்கிற மீன். 600 டிடிஎஸ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆக்சிஜன் குறைந்தாலும் மற்ற பல மீன்களைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும். அதுவே கூட்டமாகச் செத்தது என்றால், விடியற்காலையில் கண்மாயில் ஆக்சிஜன் அறவே தீர்ந்துபோயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

பூச்சிமருந்து கலந்தும் மீன் சாகும். ஆனால் சாவில் வித்தியாசம் தெரியும். ஆக்சிஜன் தீர்ந்தால் விடியும் நேரத்தில், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும். விஷம் என்றால் நேரம் காலம் கிடையாது, குஞ்சும் நண்டும் தவளையும்கூடத் தப்பாது. அன்றைக்கு எந்த அளவு மீன் செத்தது, எத்தனை மணிக்கு முதலில் பார்த்தார்கள் என்று கரையில் ஆடு மேய்க்கிறவர்களையும் கண்மாய் மீனை ஏலம் எடுத்தவரையும் கேட்டு எழுதி வையுங்கள். மீட்டர் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

ஆக்சிஜன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நம்மூர்ச் சூட்டில், 30 டிகிரி தண்ணீர் இயல்பாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். சாக்கடை உள்ளே வந்தால் அதைத் தின்னும் பாக்டீரியா இந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், சாக்கடையில் வரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியே விடும், இரவில் அதுவும் மற்ற உயிர்களைப் போல எடுத்துக்கொள்ளும். அதனால் பச்சைப் பசேல் என்றிருக்கிற கண்மாயில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் 12 மில்லிகிராம்கூடக் காட்டும், பார்ப்பவர் "அருமையான தண்ணி" என்பார். அதே இடத்தில் விடிகாலை ஐந்தரைக்கு அளந்தால் 1 கூட இருக்காது. மூன்று நாள் மூடாக்குப் போட்டு வெயில் வராமல், முதல் மழை வாய்க்காலில் தேங்கிக் கிடந்த கசடையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து கொட்டியிருந்தால், நாலாம் நாள் விடியலில் மீன் மிதக்கும். ஐப்பசியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, எப்ப அளப்பது என்ற கேள்விக்கு என் பதில்: கண்மாய்க்குள் ஆக்சிஜனை அளப்பதென்றால் சூரியன் ஏறுவதற்கு முன். முடிந்தால் மாதம் ஒருநாள் அதே இடத்தில் பிற்பகலிலும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் கண்மாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும். பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போய் எடுக்கிற ஒற்றை அளவால் பயன் கொஞ்சம்தான்.

ஆக்சிஜன் அளக்கும் மின்கருவி விலை கூடியது, பராமரிப்பும் தொல்லை. விங்க்ளர் முறையே போதும், எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் அதற்கான மருந்துகள் இருக்கும். மதுரையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. 300 மில்லி கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைத்து, குமிழ் ஒன்றும் தங்காமல் நிரப்பி மூட வேண்டும். அடுத்து மாங்கனீசு சல்பேட், அதன்பின் காரம் சேர்ந்த அயோடைடு கரைசல், பைப்பெட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுச் சேர்க்க வேண்டும். மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே வீழ்படிவு திரளும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால் வெள்ளையாகவே நின்றுவிட்டால் இல்லவே இல்லை, மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாக்கடை வாய்க்காலில் எடுத்த பாட்டில் வெள்ளையாகவே நிற்பதை ஊர்க்காரர் ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அதன்பிறகு அவருக்கு எந்த எண்ணையும் விளக்க வேண்டியிருக்காது. பழுப்பாக இருந்தால் அடர் சல்பூரிக் அமிலம் விட்டுக் கரைத்து (கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடக் கூடாது), 200 மில்லி எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும் கொஞ்சம் ஸ்டார்ச். நீலமாகும். நீலம் மறையும் வரை மொத்தம் எத்தனை மில்லி செலவானதோ, அதுதான் லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். முதல் இரண்டு மருந்தையும் கரையிலேயே சேர்த்துவிட்டால் ஆக்சிஜன் கட்டுண்டுவிடும், மிச்சத்தை ஆய்வகத்தில் செய்யலாம். வெறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் மாட்டுத்தாவணி வரைக்கும் கொண்டுவந்து அங்கே அளந்தால், வந்து சேரும் எண் கண்மாயினுடையது அல்ல.

இப்போது எங்கே என்ற கேள்வி. இதில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். கண்மாய்க்குள் இருப்பது எல்லா வரத்தும் கலந்த கலவை. அதை எத்தனை தடவை அளந்தாலும் கெட்டிருக்கிறது என்று தெரியுமே தவிர, யாரால், எந்த வாய்க்காலால் என்று தெரியாது. நடவடிக்கை எடுக்க வேண்டிய இடமோ வாய்க்கால்தான். மாட்டுத்தாவணி அருகே வண்டியூர் கண்மாயைப் பாருங்கள். சிறுமலைப் பக்கமிருந்து வரும் சாத்தையாறுதான் அதற்கு வரத்து. வழியில் ஊரைத் தாண்டி வரும்போது அதில் என்னென்ன சேர்கிறது என்பதுதான் கண்மாயின் கதை. (வண்டியூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, வைகையிலிருந்து தண்ணீர் போகிற குளம்.) செல்லூர் கண்மாயின் உபரி நீரை வைகையில் சேர்க்க வேண்டிய பந்தல்குடி கால்வாய் என்ன ஆனது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதம் முதலமைச்சர் வருகைக்காக அதன் ஓரத்தில் துணி கட்டி மறைத்தது செய்தியாகவே வந்தது. கிருதுமால் நதியும் அப்படித்தான். நாகமலைப் பக்கம் புறப்பட்டு, நகருக்குள் சாக்கடையாகி, அந்தத் தண்ணீரோடுதான் கீழே உள்ள மாவட்டங்களை நோக்கிப் போகிறது.

உங்கள் கண்மாய்க்கு வருவோம். மூன்று வரத்துக்காலும் உள்ளே இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கண்மாய்த் தண்ணீர் எதிர்த்து ஏறாத இடத்தில், ஒவ்வொரு புள்ளி. வீட்டுமனை வாய்க்காலில் மட்டும் மனைகளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. உபரி நீர் வழியும் கலுங்கில் ஒன்று, பாசனத்துக்குத் திறக்கும் மடை வாயில் ஒன்று. கண்மாய்க்குள் ஆழமான இடத்தில் ஒன்று, பரிசலோ மீன்காரரின் தெர்மாகோல் தெப்பமோ கிடைத்தால். மாடு குளிப்பாட்டுகிற, துணி துவைக்கிற படித்துறையில் எடுக்க வேண்டாம், அது அந்தப் படித்துறையின் தரம் மட்டுமே. வாய்க்காலில் எடுக்கும்போது தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கலங்காமல், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு, மேல் படலத்துக்குக் கீழே கை ஆழத்தில் பிடியுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது.

டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. கண்மாயில் அல்ல, வாய்க்கால் ஓரமாக நடப்பதற்கு. உண்மையில் அது அளப்பது மின்கடத்துத் திறனை, இசி என்பார்கள். அதை ஒரு காரணியால் பெருக்கித்தான் டிடிஎஸ் என்று காட்டுகிறது. இசியையே குறித்துக்கொள்ளுங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். வாய்க்காலின் தலையிலிருந்து ஐம்பது அடிக்கு ஒருதடவை முக்கி எடுத்துக்கொண்டே வந்தால், 500, 510, 505 என்று போய்க்கொண்டிருந்த எண் திடீரென்று 900க்குத் தாவும் இடம் ஒன்று வரும். அங்கே நின்று சுற்றிலும் பாருங்கள். கருவேல மரத்துக்கு அடியில் ஒரு பிவிசி குழாய் எட்டிப் பார்க்கும். வீட்டுச் சாக்கடையோ, சாயப்பட்டறையோ, செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் கொட்டிவிட்டுப் போன இடமோ, ஏதோ ஒன்று. சில நூறு ரூபாய்க் கருவி இவ்வளவு வேலை செய்தால் போதும்.

அடுத்தது நான் மிகவும் வற்புறுத்துவது, ஆனால் ஏறக்குறைய யாரும் செய்யாதது: ஓட்டத்தை அளப்பது. எவ்வளவு அழுக்கு என்பதோடு எவ்வளவு தண்ணீர் என்பதும் தெரிந்தால்தான் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உள்ளே வருகிறது என்று சொல்ல முடியும். கருவி வேண்டாம். நேராக ஓடுகிற பத்து மீட்டர் தூரத்தை டேப்பால் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். தோல் உரிக்காத ஓர் ஆரஞ்சுப் பழத்தை மேலே விட்டு, கீழே வந்து சேர எத்தனை வினாடி என்று பாருங்கள். அகலத்தையும் சராசரி ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி, மேல்மட்ட ஓட்டம் அடியைவிட வேகம் என்பதால் 0.85 ஆல் மறுபடி பெருக்குங்கள்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்காக. வீட்டுமனை வாய்க்கால் ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், வினாடிக்கு 0.3 மீட்டர் ஓட்டம். வினாடிக்கு 51 லிட்டர் வரும். அதன் பிஓடி, அதாவது அழுக்கைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 264 கிலோ. மேல்கண்மாயின் மறுகாலோ மூன்று மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், 0.4 மீட்டர் வேகம். வினாடிக்கு 510 லிட்டர். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, பிஓடி 4தான். ஆனாலும் நாளைக்கு 176 கிலோ. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கொண்டுவரும் சாக்கடை பாதிக்கு மேல் பாரத்தைச் சுமந்து வருகிறது. இரண்டும் கலந்தால் பிஓடி 9. தை மாதம் மறுகால் நின்றுவிடும், சாக்கடை நிற்காது. அப்போது உள்ளே இறங்குவது முழுக்க 60. மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு "பரவாயில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிஓடி சோதனையை ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஒரு பொறியை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை மாதிரியை நீர்த்துப்போகச் செய்யாமல் அப்படியே வைத்தால், பாட்டிலில் இருக்கும் ஏழு மில்லிகிராம் ஆக்சிஜன் முதல் நாளே தீர்ந்துவிடும், விடை 7க்கு மேல் போகவே போகாது. மூக்கைப் பொத்த வைக்கிற வாய்க்காலுக்கு "பிஓடி 6.8" என்று அறிக்கை வந்தால், எத்தனை மடங்கு நீர்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் தயங்கினால் அந்த எண்ணை எழுதி வைக்காதீர்கள்.

எண் கையில் வந்ததும் எதோடு ஒப்பிடுவது? மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பயன்பாட்டை வைத்து நீரை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்க வேண்டுமானால் ஆக்சிஜன் 5க்குக் குறையக் கூடாது, பிஓடி 3ஐத் தாண்டக் கூடாது, கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிக்கு 500க்குள். மீன் வாழ ஆக்சிஜன் 4, தனித்த அம்மோனியா 1.2க்குள். பாசனத்துக்கு மட்டும் என்றால் இசி 2250 வரை போகலாம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எந்த வகை வேண்டும் என்பதை முதலில் ஊரில் பேசி முடிவு செய்யுங்கள். கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர், மீன் ஏலம் எடுத்தவர், அங்கே குளிக்கிற பிள்ளைகள் ஆகியோருக்குத் தேவை ஒன்றல்ல. டிடிஎஸ் 600 என்ற உங்கள் கண்மாய் பாசனத்துக்குத் தேறிவிடும், ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் மீனுக்குத் தேறாது. இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

அம்மோனியா பற்றி ஒரு வரி கூடுதலாக. பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, ஏற ஏற அது விஷமாகிறது. பாசி அடர்ந்த கண்மாயில் பிற்பகலில் பிஎச் 9ஐத் தாண்டும். காலையில் மூச்சு முட்டித் தப்பிய மீன் மதியம் இதில் மாட்டும். ஆகவே பிஎச்சையும் அதே இரண்டு நேரத்தில் குறியுங்கள்.

பாஸ்பரஸ் ஆண்டுக்கு இரண்டு தடவை போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினாலே ஏரி ஊட்டம் மிகுந்ததாகிவிட்டது என்பது உலக அளவில் பயன்படும் ஓர் அளவுகோல். வீட்டுச் சாக்கடையில் அது மில்லிகிராம் கணக்கில் இருக்கும். இன்னொன்று, வந்த பாஸ்பரஸ் வண்டலில் தங்கி, அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் மறுபடி மேலே வரும். அதனால் வாய்க்காலை அடைத்த மறுவருடமே கண்மாய் தெளிந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து அள்ளிப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கும் இதுதான் காரணம். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் சோதனை இருக்கிறது. 1982இல் இந்திய விஞ்ஞானிகளே உருவாக்கியது. கோடு வரை தண்ணீர் ஊற்றி அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மலக்கலப்பு உள்ள தண்ணீர் கறுத்துவிடும். இதைச் சாக்கடை வாய்க்காலில் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம், கறுக்கத்தான் செய்யும். கண்மாய்க் கரையை ஒட்டிய குடிநீர்க் கிணறு, அடிபம்பு, போர்வெல்லில் செய்யுங்கள். அங்கே நைட்ரேட்டையும் பாருங்கள், எல்லை 45 மில்லிகிராம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம்.

ஒப்பிட ஒரு நல்ல கண்மாயும் வேண்டும். சாக்கடை சேராத, அதே செம்மண், அதே பாறை உள்ள பக்கத்துக் கண்மாய். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மலையடிவாரத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை அளந்து வந்தால், நம் மண்ணில் இயல்பான தண்ணீரின் இசியும் பிஎச்சும் என்ன என்று கையில் ஓர் அளவு இருக்கும். போனவர்கள் கல்லைப் புரட்டியும் பாருங்கள். தட்டான் குஞ்சு கிடைத்தால் நல்லது. உங்கள் வாய்க்காலில் சிவப்பு ரத்தப்புழு மட்டும் நெளிந்தால், அங்கே பல வாரமாகவே ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று அர்த்தம். பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லும், புழுவுக்கு நினைவு அதிகம்.

கடைசியாக, இந்த எண்களை என்ன செய்வது. முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து ஆண்டுகள் போனவர்களை எனக்குத் தெரியும். அடுத்து, உங்கள் பாட்டிலை வைத்து யார் மேலும் வழக்குப் போட முடியாது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் பிரிவு 21இன்படி, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்தால்தான் அது நீதிமன்றத்தில் சாட்சி. உங்கள் நோட்டு செய்ய வேண்டிய வேலை வேறு: எந்த வாய்க்காலில், எந்தக் குழாய்க்குக் கீழே, எந்த நேரத்தில் வந்து அவர் எடுக்க வேண்டும் என்று காட்டுவது. ஆகவே நோட்டில் எண்ணோடு தேதி, மணி, கடைசியாக மழை பெய்த நாள், மறுகால் ஓடுகிறதா, தண்ணீர் நிறம், வாடை, எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். பின்னால் திருத்தி எழுதாதீர்கள், அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும். அதில் வைக்க இரண்டு மூன்று மாதக் கணக்காவது வேண்டும். மறுகால் ஓடும்போது ஓர் அளவு, நின்றபிறகு ஓர் அளவு என்று இரண்டும் இருந்தால்தான் மேலே சொன்ன கிலோக் கணக்கு நிற்கும். இப்போது கார்த்திகை, மறுகால் இன்னும் ஓடுகிறது. இந்த வாரமே டேப்பும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு முதல் அளவை எடுத்துவிடுங்கள்.